இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக

தமிழ்ப் பாட வினாத்தாளைக் கண்டவர்கள் எவருக்கும் ஒரு வினா மறந்திருக்காது. "இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக" என்று கேட்டு, அதன் கீழே ஓரடியோ இரண்டடியோ தந்திருப்பார்கள். அந்த அடியின் பொருளை எவ்வளவு அழகாக எழுதினாலும், அது எந்த நூலில், யார் யாருக்கு, எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்பதை எழுதாவிட்டால் பாதிப் புள்ளி போய்விடும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வினாவுக்கு நான் புள்ளி இட்டு வருகிறேன். இடஞ்சுட்டாத விடைகளைச் சிவப்பு மையால் சுழித்தும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நானே இடஞ்சுட்டத் தவறிய ஒரு பொருளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அது செய்யுளடி அன்று. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பச்சை ஓடு.

2010ஆம் ஆண்டு. பத்தாந்தர மாணவன் ஒருவன் கொப்பித் தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். அவனுடைய தாயாரின் ஊர் யாழ்ப்பாணத்துத் தீவகம். 1990இல் இடம்பெயர்ந்து, பல ஊர்களில் இருந்துவிட்டுக் கடைசியில் கெலிஓயாப் பக்கம் வந்து தங்கிய குடும்பம். போர் முடிந்தபின் முதன்முறையாகத் தங்கள் பழைய வீட்டைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். கூரையும் இல்லை, கதவும் இல்லை. கிணறு மாத்திரம் இருந்திருக்கிறது. "அம்மம்மாட வீட்டுக் கிணத்தைத் துப்புரவாக்கேக்க சேத்தோட வந்தது சேர். இது என்ன?" என்று கேட்டான்.

அந்த வேளையில் நான் வகுப்பில் பட்டினப்பாலை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். காவிரிப்பூம்பட்டினத்துக்கு எங்கெங்கிருந்து என்னென்ன வந்து குவிந்தன என்ற பட்டியலை, ஈழத்திலிருந்து உணவுப் பொருள் வந்ததையும் சேர்த்து, பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தேன். கடல் வணிகத்தைப் பற்றிய என் பேச்சு அவ்வளவு உற்சாகமாக நடந்துகொண்டிருக்க, அந்தக் கடல் வணிகத்தின் ஒரு துண்டு என் மேசையில் வந்து கிடந்தது. நான் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் காலத்துக் கோப்பையாக இருக்கும்" என்றேன். பையன் முகம் சிறுத்துவிட்டது. "அப்ப நீங்களே வச்சிருங்க சேர்" என்று சொல்லிவிட்டுப் போனான். விடைத்தாள்கள் காற்றில் பறக்காமல் இருக்க அந்த ஓட்டைப் பாரமாக வைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு அவர்கள் குடும்பத்தோடு வெளிநாடு சென்றுவிட்டார்கள்.

சில ஆண்டுகளின் பின் மாணவர்களை அழைத்துக்கொண்டு கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நாட்டுவித்த மும்மொழிக் கல்வெட்டைக் காட்டுவதே நோக்கம். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் இருக்கின்றன. 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகின் மூடுகல்லாக அது கண்டெடுக்கப்பட்டது. இதைச் சொல்லி முடித்துவிட்டு, அங்கே காட்சிக்கு வைத்திருந்த சீனப் பாண்டங்களைப் பார்த்தபடி வந்தேன். ஒரு பச்சைக் கிண்ணத்தின் முன்னால் கால் நின்றுவிட்டது. அதே நிறம். விடைத்தாள் மேல் நான் வைத்திருந்த அதே ஓட்டின் நிறம்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் ஓட்டைக் கழுவி, மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்த்தபோது மெருகின் அடியிலிருந்து கோடுகள் எழுந்தன. ஓர் இதழ், அதை ஒட்டி இன்னோர் இதழின் பாதி, அதற்குள் சீப்பினால் வாரியதுபோல நெருங்கிய சிறு கோடுகள். இத்தனை காலம் அது என் முன்னால்தான் கிடந்தது.

பாண்டங்களைப் பற்றிப் படித்த ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். எந்த ஊரில், எந்தக் காணியில் கிடைத்தது? எவ்வளவு ஆழத்தில்? அதோடு வேறு என்ன கிடைத்தது? மூன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. தீவகம் என்று மட்டும் சொன்னேன். தீவகத்தில் எத்தனை தீவுகள், எத்தனை ஊர்கள்! அவர் ஓட்டைத் திருப்பித் தந்து, "பழைய சீனத்து ஓடு போலத்தான் தெரிகிறது. அதற்கு மேலே இனி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது" என்றார். கடிந்து சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு விடைத்தாளில் சிவப்புச் சுழி விழுந்ததுபோல இருந்தது.

அந்த மூன்று கேள்விகள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைத்தான் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதற்கு முதலில் இந்தப் பச்சைப் பாண்டம் என்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

மேல்நாட்டார் இதனைச் செலடன் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் வெளிவந்த ஒரு பிரெஞ்சுக் காதற் கதையில் வரும் இடையன் ஒருவனின் பெயர் அது. அவன் பச்சை நாடா அணிந்தவனாக வருவதால் இந்தப் பெயர் வந்தது என்பர். நம்மிடம் இதற்கெனத் தனிச்சொல் இல்லை. பீங்கான் என்கிறோம், அச்சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. மலாய் மொழியில் தட்டுக்குப் பிங்கான் என்று பெயர். ஒரே பண்டத்தை ஏற்றிக்கொண்டு ஒரே சொல்லும் கடலில் கரைக்குக் கரை சென்றிருக்கிறது. ஆனால் நாம் பேசும் பாண்டம் உண்மையில் வெண்ணிறப் பீங்கானும் அன்று. கல்லைப்போல இறுகச் சுட்ட சாம்பல் நிற மண்ணின்மேல் பச்சைக் கண்ணாடிபோன்ற மெருகு படிந்தது. ஆகவே பச்சை மெருகுப் பாண்டம் என்று சொல்லிக்கொள்வோம்.

அந்தப் பச்சை, சாயம் பூசி வந்தது அன்று. அது இரும்பின் வேலை. மரச்சாம்பலையும் மண்ணையும் குழைத்துச் செய்யும் மெருகில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை இரும்பு கலந்திருக்கும். பாண்டத்தை அந்தக் குழம்பில் தோய்த்துச் சூளையில் ஏற்றி, சுமார் 1200 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். சூடு உச்சத்துக்கு வரும்போது சூளைக்குள் காற்றுப் புகும் வழிகளை அடைத்துவிடுவார்கள். தீக்கு மூச்சு முட்டும். எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அது மெருகிலுள்ள இரும்புத் துருவிலிருந்தே பறித்துக்கொள்ளும். அவ்வாறு பிராணவாயுவை இழந்த இரும்புதான் பச்சையாகவும் நீலம் ஓடிய பச்சையாகவும் தெரிகிறது. எங்காவது வெடிப்பு வழியே காற்றுப் புகுந்தால் மஞ்சளும் பழுப்புமாகக் கெட்டுவிடும்.

இது நமக்கு அந்நியமான வித்தை என்று எண்ண வேண்டாம். நம் குயவர் சுடும் சட்டியும் பானையும் செக்கச் சிவந்திருப்பது அதே இரும்பினால்தான். காற்றுத் தாராளமாகப் புகுவதால் அது சிவக்கிறது. கந்தரோடையிலும் பொம்பரிப்பிலும் ஆனைக்கோட்டையிலும் கிடைத்த கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களை எண்ணிப் பாருங்கள். காற்றுப் பட்ட இடம் சிவப்பு, காற்றை அடைத்த இடம் கறுப்பு. தீயின் மூச்சை அடக்கவும் விடவும் நம் குயவருக்கும் தெரிந்தே இருந்தது. சீனத்தார் அந்த அறிவை மிக உயர்ந்த சூட்டுக்கும் கண்ணாடி மெருகுக்கும் கொண்டுபோனார்கள்.

இனிக் கோடுகளுக்கு வருவோம். வனைந்த பாண்டம் பாதி உலர்ந்து, நகம் பட்டால் தடம் விழும் பதத்தில் இருக்கும்போது மூங்கிற் கூரினாலோ சிறு கத்தியாலோ கீறுவார்கள். கத்தியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கீறலின் ஒரு கரை செங்குத்தாகவும் மறுகரை சரிவாகவும் அமையும். பிறகு ஊற்றும் மெருகு அந்தப் பள்ளத்தில் ஆழமாகத் தேங்கும். தேங்கிய இடத்தில் பச்சை கருக்கும். சரிவில் மெல்ல வெளுக்கும். வேறு வண்ணம் ஒன்றும் சேர்க்காமலே தாமரையிதழுக்கு நிழல் கிடைத்துவிடுகிறது. நம் பழைய பானை ஓடுகளில் பெயர் கீறியவர்கள் பெரும்பாலும் சுட்ட பிறகு கீறினார்கள். அது உடையவரின் அடையாளம். இங்கே சுடுவதற்கு முன்னரே கீறியது மெருகுக்குள் அடங்கிப்போவதால் எத்தனை நூற்றாண்டு மண்ணிலும் நீரிலும் கிடந்தாலும் அழிவதில்லை. பானை உடையலாம். ஓட்டில் உள்ள கோடு அப்படியே இருக்கும்.

இந்தக் கீறற் கலையை மிக உயரத்துக்குக் கொண்டுசென்றவர்கள் கொரியர். சீனாவின் செஜியாங் பகுதியிலிருந்த யுவே சூளைகளிடம் அவர்கள் 10ஆம் நூற்றாண்டளவில் இத்தொழிலைக் கற்றார்கள். கோரியோ அரச மரபின் காலம் 918 முதல் 1392 வரை. 12ஆம் நூற்றாண்டில் கங்ஜின், புவான் என்ற தென்மேற்குக் கரையோர ஊர்ச் சூளைகள் அரசவைக்கும் பிரபுக்களுக்கும் பச்சைப் பாண்டம் செய்து அனுப்பின. 1123இல் சீனத் தூதுக்குழுவோடு கொரியத் தலைநகருக்குச் சென்ற சூ ஜிங் என்பவர் தாம் கண்டதை எழுதிவைத்தார். இந்தப் பாண்டத்தின் நிறத்தைக் கொரியர்கள் மீன்கொத்தியின் நிறம் என்று சொல்வதாக அவர் குறித்திருக்கிறார். மகாவலிக் கரையில் மீன்கொத்தியைப் பார்த்துப் பழகிய நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆசிரியர்களான சீனத்தாரே வியக்கும் அளவுக்கு மாணவர்களான கொரியர் வளர்ந்துவிட்டார்கள். மெல்லிய கீறற் கோடுகளில் தாமரை, கிளி, முகில் ஆகியவற்றைத் தீட்டிய பாண்டங்கள் அந்தக் காலத்தவை. பின்னர் கீறிய பள்ளத்தில் வெள்ளை, கறுப்பு மண்ணைப் பதித்துச் செய்யும் வேலை அங்கே ஓங்கியது.

இத்தகைய பாண்டங்கள் உலகின் பெரிய நூதனசாலைகள் பலவற்றில் இருக்கின்றன. கண்ணாடிப் பேழைக்குள் அழகாக நிற்கின்றன. ஆனால் அவற்றுள் பல எந்தக் கல்லறையிலிருந்து, யாரால் எடுக்கப்பட்டன என்பது எழுதப்படவில்லை. இடஞ்சுட்டப்படாத பேரழகுகள் அவை. இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2007ஆம் ஆண்டு கொரியாவின் மேற்குக் கரையில் தேயான் என்ற இடத்தருகே ஒரு மீனவரின் தூண்டிற் கயிற்றில் சிறு பேய்க்கணவாய் ஒன்று ஏறி வந்தது. எட்டுக்கால்களாலும் அது ஒரு பச்சைத் தட்டைப் பற்றிப் பிடித்திருந்தது. அவர் தட்டை வீட்டு அலுமாரியில் வைக்கவில்லை, விற்கவும் இல்லை. அதிகாரிகளுக்கு அறிவித்தார். சுழியோடிகள் இறங்கினார்கள். சேற்றுக்குள் ஒரு கப்பல் புதைந்திருந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சைப் பாண்டங்கள் கட்டுக் கட்டாய் அதில் இருந்தன. அவற்றோடு மரத்துண்டுகளில் மையால் எழுதிய சீட்டுகளும் கிடைத்தன. தம்ஜினிலிருந்து, அதாவது இன்றைய கங்ஜினிலிருந்து, தலைநகரிலுள்ள இன்ன படை அலுவலர் வீட்டுக்கு, பாண்டம் 80 என்று ஒரு சீட்டுச் சொல்கிறது. செய்த ஊர், சேரும் இடம், பெறுபவர், தொகை எல்லாம் ஒரு சாண் மரத்தில் அடங்கிவிட்டன.

அதே கடற்பகுதியில் 2010இல் ஆராயப்பட்ட இன்னொரு கப்பலில் தோள் அகன்று அடி சிறுத்த இரண்டு உயரமான குடுவைகள் கிடைத்தன. ஒன்றில் தாமரை முதலிய பூங்கிளைகள் கீறப்பட்டிருந்தன. மற்றதில் செவ்வந்தியும் பிற செடிகளும் மண் பதித்துச் செய்யப்பட்டிருந்தன. இந்த வகைக் குடுவைக்குக் கொரியாவில் மேபியோங் என்று பெயர். பிளம் மரக் கிளை வைக்கும் சாடி என்றும், மது வைக்கும் குடுவை என்றும் அறிஞர்கள் கொண்டிருந்தார்கள். இந்த இரண்டோடும் மூங்கிற் சீட்டு கட்டியிருந்தது. தலைநகரில் உள்ள ஒரு படை அதிகாரியின் வீட்டுக்கு அனுப்பப்பட்டவை அவை. ஒன்றில் தேன், மற்றதில் நல்லெண்ணெய் என்று எழுதியிருந்தது. பூச்சாடி என்று நாம் வியந்த பொருள் ஒரு வீட்டின் எண்ணெய்க்குடமாய் இருந்திருக்கிறது! அழகு குறைந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்லெண்ணெய் வைக்கும் பாத்திரத்துக்கும் தாமரை கீறிக் கொடுத்த ஒரு குயவன் இப்போது நம் கண்முன் வந்து நிற்கிறான். இதை நமக்குச் சொன்னது ஒரு மூங்கிற் சிம்பு. அந்தச் சிம்பு நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், கண்டதை அந்த இடத்திலேயே வைத்து ஆராய்ந்ததுதான்.

இனி நம் கரைக்கு வருவோம். கொரியருக்குத் தொழில் கற்பித்த அதே யுவே சூளைகளின் பாண்டங்கள் நம் மாந்தோட்டத்திலும் கிடைத்திருக்கின்றன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் அருகே, மாந்தை மேட்டில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்தது. மேற்கே பாரசீகக் குடாவின் பாண்டங்களும் கிழக்கே சீனப் பாண்டங்களும் அந்த ஒரே மேட்டில் கலந்து கிடந்தன. எந்த அடுக்கில் எது கிடந்தது என்று எழுதி வைத்ததால் துறைமுகம் வளர்ந்த கதையும் 11ஆம் நூற்றாண்டளவில் அது ஓய்ந்த கதையும் தெரியவருகின்றன. யாப்பகூவையிலும் சீனப் பச்சைப் பாண்டங்களும் சீன நாணயங்களும் கிடைத்துள்ளன. தமிழகத்தில் இராமநாதபுரம் கரையிலுள்ள பெரியபட்டினத்தில் 13ஆம், 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பாண்ட ஓடுகள் பெருந்தொகையாகக் கிடைத்தன.

எல்லாவற்றிலும் என் நெஞ்சை அதிகம் தொட்டது அல்லைப்பிட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைத் தீவில் கால் வைத்ததும் வரும் ஊர் அது. மாந்தைக்குச் செல்வதற்கு முன்னரே, 1977இல் கார்ஸ்வெல் அங்கே ஆய்வு செய்து சீன ஓடுகள் செறிந்து கிடந்ததைக் கண்டார். 2018இல் ஷாங்காய் நூதனசாலையைச் சேர்ந்தவர்கள் நம் நாட்டு மத்திய கலாசார நிதியத்தோடு சேர்ந்து மறுபடியும் அங்கே அகழ்ந்தபோது 600க்கும் மேற்பட்ட சீன ஓடுகள் வந்தன. இவை பெரும்பாலும் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. தென்சீனத்துக் குவாங்துங் மாகாணச் சூளைகளில், கடல் கடந்து விற்பதற்கென்றே செய்யப்பட்ட பாண்டங்கள் இவற்றுள் முக்கியமானவை. கீறற் கோடும் சீப்புக் கோடும் அந்தச் சூளைகளில் வழக்கமான அலங்காரம்.

ஓர் ஓடு கிடைத்தால் யாரோ ஒருவர் ஒரு கிண்ணத்தை உடைத்தார் என்றுதான் சொல்லலாம். ஒரே இடத்தில், ஒரே காலத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான ஓடுகள் கிடைத்தால் அது வேறு செய்தி. அங்கே சரக்கு இறங்கியிருக்கிறது என்று எண்ண இடமுண்டு. அது எந்தக் காலம்? சோழர் பொலன்னறுவையை இழந்த காலத்தை ஒட்டியது. சோழ நாட்டிலிருந்து சீனத்துக்குத் தூதுக்குழுக்கள் 1015இலும் 1033இலும் 1077இலும் சென்றிருக்கின்றன. கடைசிக் குழுவில் 72 பேர் சென்றதாகச் சீனக் குறிப்புகள் கூறும்.

இங்கேதான் நம் மொழி வந்து கைகொடுக்கிறது. அதே வேலணைத் தீவின் மேற்கு முனையில் இருப்பது ஊர்காவற்றுறை. பழைய பெயர் ஊராத்துறை. அதற்கப்பால் கடலைக் கடந்தால் நயினாதீவு. அங்கே நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதை வெளியிட்டது, அந்தக் காலத்தில் 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையில் ஆண்ட சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனைப் படித்து ஆய்வுரை எழுதினார். பரதேசிகள், அதாவது பிற நாட்டு வணிகர், ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் மன்னன் அதில் கூறுகிறான். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிகுதி உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. பொலன்னறுவை அரசன் கடல் வணிகரோடு பேச வேண்டியிருந்தபோது தமிழிற் பேசினான். செங் ஹோவும் காலிக் கல்லில் அதையே செய்தான்.

ஓட்டையும் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லில் கப்பல், சரக்கு, உடைவு, பங்கு எல்லாம் இருக்கின்றன; சரக்கு இன்னதென்று இல்லை. அல்லைப்பிட்டி ஓடுகளில் சரக்கு இருக்கிறது, சொல் இல்லை. ஓடுகள் சற்று முந்தியவை, கல்வெட்டு சற்றுப் பிந்தியது. ஆயினும் அந்தத் தீவின் கரையில் ஓரிரு தலைமுறையாக நடந்துவந்த ஒரு தொழிலுக்கு அரசன் சட்டம் செய்தான் என்று எண்ணுவது பிழையாகாது. ஒன்றுக்கு மற்றது உரை எழுதுகிறது. இரண்டும் தத்தம் இடத்தில் காணப்பட்டதால்தான் இந்த உரை சாத்தியமாயிற்று.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய ஓடு ஒன்று கிடைத்தவுடன் அதில் தம் இனத்தின் பெருமையை ஏற்றிவிடுகிற பழக்கம் நம்மில் எல்லாத் தரப்பாரிடமும் உண்டு. சீன ஓடு கிடைத்ததால் சீனர் அங்கே குடியிருந்தார்கள் என்று ஆகாது. தமிழ் ஊரில் கிடைத்ததால் தமிழர் கப்பலிற்றான் வந்தது என்றும் ஆகாது. தமிழ் வணிகர் சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் சிவன் கோயில் எடுத்து, 1281இல் தமிழிலும் சீனத்திலும் கல்வெட்டுப் பொறித்திருக்கிறார்கள். ஆகவே அவர்கள் அந்தக் கடல் வழியில் சென்றது உறுதி. ஆனால் குறிப்பிட்ட ஒரு கிண்ணம் யார் கப்பலில் வந்தது என்று சொல்ல, அந்தக் கிண்ணத்துக்கு ஒரு சீட்டு வேண்டும். இடஞ்சுட்டாமல் பொருள் விளக்கப் புறப்பட்டால், மாணவன் விடைத்தாளில் கதை அளப்பதுபோலத்தான் முடியும்.

நான் குடியிருக்கும் கெலிஓயாவிலிருந்து சிறிது தூரத்தில் கடலாதெனிய விகாரை இருக்கிறது. கம்பளை அரசு நடந்த காலத்தில், 1344இல் கட்டப்பட்டது. கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. தென்னிந்தியக் கட்டடக் கலை மரபைச் சேர்ந்தவர். பௌத்த விகாரை ஒன்றை அப்படியொரு சிற்பி கட்டினார் என்பதை நாம் எப்படி அறிகிறோம்? அந்த விகாரை நிற்கும் பாறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பாறையை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை. ஓட்டுக்கு அந்த வலிமை இல்லை. ஒரு பையனின் காற்சட்டைப் பைக்குள் அது அடங்கிவிடும். ஓர் ஆசிரியரின் அறியாமைக்குள்ளும் அடங்கிவிடும்.

அந்தப் பையன் அன்று என்னிடம் கேட்டது ஓட்டைப் பற்றி மட்டுமா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அம்மம்மாவின் வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை. அவன் கையோடு கொண்டுவரக் கிடைத்தது அந்தத் துண்டு ஒன்றுதான். தன் ஊருக்கு ஒரு கதை உண்டா என்று கேட்டிருக்கிறான். உண்டு, ஒன்பது நூற்றாண்டுக் கதையாகக்கூட இருக்கலாம், உன் அம்மாவிடம் ஊரையும் காணியையும் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிடம் போதும். நான் கேட்கவில்லை. இன்று அவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நேயர்களே, தீவகத்திலும் வன்னியிலும் மன்னாரிலும் இப்போது பழைய காணிகளைத் திருத்துகிறார்கள், கிணறு தோண்டுகிறார்கள், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். எங்கள் கண்டிப் பக்கத்திலும் மண் வெட்டாத நாள் இல்லை. மண்வெட்டியில் ஓர் ஓடு தட்டுப்பட்டால், அதைத் தூக்கி எறியவும் வேண்டாம், வீட்டு அலுமாரியில் வைக்கவும் வேண்டாம். எந்தக் காணி, எந்த மூலை, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் கரியா, எலும்பா, வேறு ஓடா என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். படம் எடுங்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று ஏது? பிறகு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள் இருந்து வரும் தொல்பொருள் பொதுச்சொத்து. காணிக்காரருக்கும் உரியதன்று, கண்டெடுத்தவருக்கும் உரியதன்று. ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: மாணவன் ஒன்றைக் கொண்டுவந்து "இது என்ன?" என்று கேட்டால், விடை தெரியாவிட்டாலும் பாதகமில்லை. "இது எங்கே கிடைத்தது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

என்னிடமிருந்த ஓட்டைத் திணைக்களத்தாரிடம் ஒப்படைத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் ஒரு சிறு சீட்டு எழுதி அதோடு கட்டினேன். கிடைத்த ஆண்டு: 2010. கிடைத்த இடம்: தீவகம், ஓர் அம்மம்மா வீட்டுக் கிணறு. ஊர் என்ற இடத்துக்கு நேரே ஒன்றும் எழுத முடியவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டிய புள்ளி எவ்வளவு என்று நேயர்களே இட்டுக்கொள்ளலாம்.

அந்த மாணவன் இப்போது இளைஞனாகியிருப்பான். எங்கோ ஒரு நாட்டிலிருந்து இந்தத் தொடரைக் கேட்கவோ வாசிக்கவோ நேர்ந்தால், தன் அம்மம்மாவின் ஊர்ப் பெயரை மட்டும் எனக்கு எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். சீட்டில் அந்த ஓர் இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.